ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில்

கோவில்பட்டியில் சங்கரபாண்டியனின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கண்ணாடி அலமாரிதான். மற்ற வீடுகளில் பொம்மைகளும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளும் இருக்கிற இடத்தில் அவர் வெறும் தம்ளர்களை அடுக்கி வைத்திருந்தார். வாய் குறுகி வயிறு பருத்தது ஒன்று, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்துப் போல நெட்டையாக ஒன்று, குட்டைக்கால் வைத்தது ஒன்று. கப்பலில் இருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவந்தார்கள். அவர் பனியனில் சுற்றி இந்தத் தம்ளர்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தம்ளரும் ஒரு வகை பீருக்கானது.

எப்போதும்வென்றான் என்கிற ஊரில் ஆடு மேய்த்த குடும்பம் அவருடையது. ஐ.டி.ஐ. முடித்து, தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் சில காலம் இருந்துவிட்டு, சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை ஃபிட்டராகச் சேர்ந்தார். அதுவரை குடி என்றால் வாடையே ஆகாது.

அவருடைய கப்பல் அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். செய்தி கிடைத்தபோது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பிப் போக வழியில்லை. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்க நின்றது. நல்ல குளிர்காலம். யாரோடும் பேசாமல் கிடந்தவரைக் கப்பலின் எலக்ட்ரீசியன், அந்த ஊர்க்காரர், கட்டாயப்படுத்தி வெளியே கூட்டிப்போனார். ஒரு சின்ன மதுக்கடை. மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் புளிக்க வைத்த பீர் என்று சொல்லி ஒரு தம்ளரை முன்னால் நகர்த்தினார்.

வாயருகே கொண்டுபோன சங்கரபாண்டியன் அப்படியே நிறுத்திவிட்டார். மழை பெய்து ஓய்ந்த காலையில் ஆட்டுக்கிடையில் எழும்புகிற வாடை அது. ஈர ரோமமும் புழுக்கையும் நனைந்த கரிசல் மண்ணும் கலந்த வாடை. அப்பாவின் துண்டில் எப்போதும் இருந்தது. அந்தக் கடையில், மொழி தெரியாத ஆட்களுக்கு நடுவில், அப்பா போன பிறகு முதல் தடவையாக அவர் அழுதார். எலக்ட்ரீசியன் தன் தம்ளரைத் தொடாமல் அவர் அழுது முடியும்வரை காத்திருந்தாராம்.

அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அந்த ஊர் பீர் ஒரு தம்ளர் குடிப்பார். ஒன்றுதான். போதைக்காக இல்லை, ஒரே தண்ணீரும் தானியமும் ஊருக்கு ஊர் எப்படி வேறாகிறது என்று பார்க்கத்தான் என்பார். ஹாம்பர்க்கில் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்ததையும், டப்ளினில் கறுப்பு பீரில் காப்பிக்கொட்டை வறுத்த வாசனை வந்ததையும், நேரில் போய்வந்த சொந்தக்காரர் வீட்டைச் சொல்வது போலச் சொல்வார்.

கழுகுமலையில் பெண் எடுத்தார். சத்தியபாமா. கல்யாணமான முதல் வாரத்திலேயே அவர் தன் பழக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவள் மறுநாள் காலை பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளுடைய அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்த்தவர். குடித்தே செத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விழுந்து கிடப்பாரோ என்று பயந்து பயந்து நடந்த பெண் அவள். பல நாள் கிடந்தார். சிநேகிதிகள் பார்க்க அவரைத் தூக்கி உட்காரவைத்து, வேட்டியைச் சரிசெய்து, வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். இன்னொரு தடவை அந்த வாழ்க்கை தன்னால் முடியாது என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள்.

சங்கரபாண்டியன் அங்கே போய் வாதாடவில்லை. விட்டுவிடுகிறேன் என்று பொய்ச் சத்தியமும் செய்யவில்லை. வாரத்துக்கு ஒரு பாட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில், கதவு திறந்திருக்க. அதைத் தாண்டி என்றைக்குப் போனாலும் அவள் கிளம்பிவிடலாம், தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். அவள் நம்பி வரவில்லை. பார்ப்போம் என்றுதான் வந்தாள்.

அவர் தாண்டவில்லை. கப்பல் வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகும் தாண்டவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் மதுரைக்குப் போய், வெளிநாட்டுச் சரக்கு விற்கிற கடையில் வெகுநேரம் நின்று நாலைந்து பாட்டில் தேர்ந்து வருவார். ஞாயிறு காலையில் ஒன்றை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து வெளியே வைத்துவிடுவார். ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசனை தூங்கிவிடும் என்பார். பெரியப்பா மகன் செண்பகராஜ் ஒரு ஞாயிறு வந்தபோது பாதியை ஊற்றிக் கொடுத்தார். அவன் ஒரே மடக்கில் முடித்துவிட்டு, கிக்கே இல்லையே என்றான். பிறகு அவனை அழைக்கவில்லை.

சத்தியபாமா அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். மகள் பொன்மணி வளர்ந்து, படித்து, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறவரை இப்படியே நடந்தது. குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் அவள் கை ஒரு கணம் நின்றுதான் வேலையைத் தொடரும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் இருவரும் படுத்தார்கள். அவள் தேறினாள். அவரும் தேறினார், மூக்கு மட்டும் தேறவில்லை. புளிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிந்தன. வாசனை என்று ஒன்று இல்லை. ஆசையோடு எடுத்து வைத்த ஒரு பாட்டிலைத் திறந்து, தம்ளரைச் சுழற்றிச் சுழற்றி முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். சோறும் குழம்பும்கூட அவருக்குப் பஞ்சைத் தின்பது போல இருந்தது. உடம்பு இளைத்தது. டாக்டர், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது என்று சொல்லிவிட்டார்.

ஒரு நாள் சத்தியபாமா கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசலிலேயே கேஸ் வாடை குப்பென்று அடித்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் அடைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"நான் வீட்டுக்குக் காவலுக்குக்கூட ஆகமாட்டேன் பாமா," என்றார்.

அதன் பிறகு வெளியே போவதையும் குறைத்துக்கொண்டார். மதுரைப் பயணம் நின்றது. ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மிச்சமிருந்த பாட்டில்கள் அப்படியே கிடந்தன.

எதனால் அவளுக்கு அப்படித் தோன்றியது என்று அவளாலேயே பிறகு சொல்ல முடியவில்லை. அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலை முடித்துக் கை கழுவிவிட்டு, ஒரு பாட்டிலையும் நெட்டைத் தம்ளரையும் எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். மூடி திறக்கத் தெரியவில்லை. அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீங்க ஊத்துங்க. நான் மோந்து பாத்துச் சொல்லுதேன்," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தபடியே மூடியைத் திறந்தார். பிறகு தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, நுரை ததும்பாமல் ஊற்றினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு தடவை மூச்சை இழுத்தாள்.

"பழுத்த வாழப்பழம்," என்றாள். "ஏலக்கிப் பழமா, பச்சப் பழமான்னு தெரியல. அடியில கிராம்பு இருக்கு."

அவர் ஒரு வாய் குடித்தார். மெல்லத் தலையாட்டினார். வேறு என்ன என்று கேட்டார். அவள் மறுபடியும் முகர்ந்தாள். ஆனால் இப்போது அவள் சொன்னது பீரைப் பற்றி மட்டும் இல்லை.

"எங்க அப்பா மேல அடிச்ச வாடை இது இல்லங்க. நான் இத்தன வருசமா அடுப்படிக்குள்ள இருந்து பயந்தது இதுக்கில்ல."

அன்று மதியம் அவள் தன் அப்பாவைப் பற்றி முதல் தடவையாக அவரிடம் முழுக்கப் பேசினாள். கல்யாணத்தின்போது ஊர் சொன்னதைத்தான் அவர் கேட்டிருந்தார். குடிக்காத நாட்களில் அப்பா தனக்குத் தலை வாரிவிட்டதையும், கழுகுமலைத் தைப்பூசத்துக்குத் தோளில் தூக்கிப் போனதையும் அவள் சொன்னாள். அப்பா செத்த அன்று தனக்கு அழுகை வராமல், நிம்மதியாக இருந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. ஆறியதையே இருவரும் சாப்பிட்டார்கள்.

மதுரைப் பயணம் மறுபடியும் தொடங்கியது, இப்போது இருவருமாக. அவள் ஒரு சொட்டும் குடித்ததில்லை. முகர்ந்து சொல்வதோடு சரி. அவளுக்கு அந்த உலகத்துச் சொற்கள் தெரியாது. தன் அடுப்படியிலிருந்தே எடுத்துச் சொன்னாள். ஒன்று கருப்பட்டிப் பாகு முற்றிய வாசனை. ஒன்று நார்த்தங்காய் இலையைக் கசக்கினது போல. ஒன்றை முகர்ந்துவிட்டு, இதை எதுக்கு வாங்கினீங்க, சைக்கிள் டியூப் மாதிரி இருக்கு என்றாள். அவர் சிரித்தார். பொன்மணி விடுமுறைக்கு வந்தபோது, தம்ளருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டு கதவருகிலேயே நின்றுவிட்டாள். பிறகு தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாசனை அவருக்குக் கடைசிவரை திரும்பவில்லை. ஆனால் உடம்பு கொஞ்சம் தேறியது, பேச்சு திரும்பியது. அவள் வாசனையைச் சொல்லச் சொல்ல, அது கிடைத்த ஊரை, தெருவை, மழையை அவர் சொல்வார். சென்ற ஐப்பசியில், காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

காரியத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பந்தலில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. செண்பகராஜின் குரல்தான். இத்தனை விதமாகத் தம்ளர் வாங்கி அடுக்கிக் குடித்தால் நெஞ்சு என்னத்துக்கு ஆகும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்களும் ஆமாம் போட்டார்கள்.

சத்தியபாமா எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். பொன்மணி கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தாள். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பேச்சு நின்றது.

"கொழுந்தனாரே, எங்க அப்பா குடிகாரரு. அவரத் தூக்கிச் சொமந்தவ நான். இவிய குடிகாரர் இல்ல. ரெண்டும் என்னன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

குரல் உயரவில்லை. செண்பகராஜ் தலையைக் குனிந்து, தப்பா நெனைக்காதீங்க மைனி என்று முணுமுணுத்தான்.

அவள் பந்தலின் ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்த எப்போதும்வென்றானிலிருந்து வந்த அவருடைய ஆட்களைப் பார்த்து, இலை போட்டாச்சு, எல்லாரும் கை கழுவிட்டு வாங்க என்று கூப்பிட்டாள்.