சித்தப்பா தாமதமாக வந்த ஞாயிறு

எங்கள் சித்தி ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சித்தப்பாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். அவரும் திருப்பி ஒன்று கொடுக்க வேண்டும். அது வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, கை சில்லிட்டுப்போகும். பெங்களூர் மர்பி டவுன் வீட்டில் எல்லோரும் அவளைக் கேலி செய்வோம். முன்னால் நிற்பது நான்தான்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் வேலை தேடி பெங்களூருக்கு ரயிலேறிய அவளுடைய அப்பா திரும்பி வரவேயில்லை. அந்தக் கதை எனக்குத் தெரியும். அதையும் மிஸ்டு காலையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது வயதில் தெரியவில்லை.

சித்தி கெட்டிக்காரி. ஆனால் அரசு வேலைக்கான பரீட்சையிலிருந்து இரண்டு முறை பாதியில் எழுந்து வந்துவிட்டாள். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதுதான் வினை. வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

"எனக்கு இந்த வேலை வேணுங்க. உடம்புதான் கேக்க மாட்டேங்குது," என்று அழுதாள்.

சித்தப்பா டாக்டருக்குப் படித்தவரில்லை, பெயிண்டர். ஆனால் அவர் செய்த வைத்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தியின் போனை அணைத்து என்னிடம் கொடுப்பார். "பத்து நிமிஷம். டீ குடிச்சிட்டு வந்துட்றேன், நீ கணக்கு போடு," என்று சித்தியிடம் சொல்வார். சரியாகப் பத்தாவது நிமிடம் செருப்புச் சத்தம் கேட்கும். அடுத்த வாரம் அல்சூர் மார்க்கெட் வரை, அரைமணி. பிறகு ஒரு மணி, இரண்டு மணி. சொன்ன நேரம் ஒருநாளும் தவறியதில்லை. ஆரம்பத்தில் சித்தி பேனாவைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் முறை கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்து எழுதினாள், தேறினாள், இன்று அதிகாரி. அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு மறக்காதது பரீட்சைக்கு முந்திய ஞாயிறு.

மூன்று மணி நேரம் என்று சொல்லிப் போனவர் மழையில் மாட்டிக்கொண்டார். முக்கால் மணி தாமதமாக, தொப்பலாக நனைந்து, ஓடிவந்த மூச்சோடு வாசலில் நின்றார். சித்தி தலையைத் தூக்கவில்லை.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா? இன்னும் ரெண்டு கணக்கு இருக்குதே," என்றாள்.

சித்தப்பா துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தார். கண் சிவந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய், "சித்திக்கு உங்க மேல பாசமே இல்ல சித்தப்பா," என்றேன்.

"ஆமா பாப்பா," என்றார்.

இப்படி ஒரு கல்நெஞ்சக்காரியைக் கட்டிக்கொண்டு என்ன பாடுபடுகிறாரோ என்று, அன்று முழுக்க நான் சித்தியோடு பேசவில்லை.