பதினேழு அங்குலத் தாலாட்டு

அறுபத்தெட்டுக்கும் எண்பத்தெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இருபது என்று சொல்லிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். எனக்குக் கிடைத்த பதில் வேறு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர் மாதம். பட்டாபிராமில் எங்கள் வீட்டு முன்னறையில் கோவில் பாடகர் குழு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் நான் போட்டு வைத்திருந்த பக்கவாத்தியத்தோடு சேர்ந்து குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டுப் பாட வேண்டும். பொத்தானைத் தட்டினேன். தாலாட்டு புறப்பட்டது. புறப்பட்ட வேகத்தில் பெண்கள் வரிசை முதல் அடியிலேயே இறங்கிவிட்டது, ஆண்கள் வரிசை இரண்டாவது அடி வரை தொங்கிக்கொண்டு ஓடியது.

என் மனைவியின் அண்ணன்தான் குழுத் தலைவர். ரயில்வேயில் வேலை. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இன்னா மச்சான் இது? தாலாட்டா, பஸ்ஸ உட்டவன் ஓடுற ஓட்டமா? இந்த ஸ்பீடுல ஆட்டுனா தொட்டில் அறுந்துடும், கொயந்த போய் மாட்டுமேல உயும்."

குழு சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. நான் எழுந்து போய்த் திரைக்கு அருகில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வேகம் குறிக்கும் எண் எண்பத்தெட்டு. சத்தியமாக அறுபத்தெட்டு என்று நினைத்துத்தான் விட்டிருந்தேன். கடுகில் கால்வாசி இருக்கும் அந்த எண். அதில் ஆறுக்கும் எட்டுக்கும் இடையே ஒரு மயிரிழைதான் பாக்கி.

நான் யாரிடமும் சங்கீதம் கற்றவன் அல்ல. பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று பிரித்து வைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீபோர்டு. கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கட்டை கட்டையாகத் தடவிப் பிடித்த வித்தை. அப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது. அந்த வருடம் துணிந்து, பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரை வாங்கினேன். இசை மென்பொருள் நண்பர் ஒருவரிடமிருந்து ஃப்ளாப்பியில் வந்தது. டிரம்ஸைத் தனியாக வாசிக்கலாம், பிறகு அதன்மேல் பேஸ், அதன்மேல் புல்லாங்குழல். அத்தனையையும் அது கோத்துத் திருப்பி வாசிக்கும்போது பத்துப் பேர் உட்கார்ந்து வாசிப்பது போலிருக்கும். பத்துப் பேரும் நான்தான். சம்பளம் யாருக்கும் கிடையாது.

விஷயம் கோவிலை நடத்தும் பங்குச் சாமியார் காதுக்குப் போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கேசட் போட வேண்டும் என்பது அவர் ஆசை. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அங்கே வாசிப்பதற்குத் தொழில்காரர்கள் இருந்தார்கள். மச்சான்தான் நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம ஆளு கீறாரு ஃபாதர்" என்று என்னைப் பிடித்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்குள் பக்கவாத்தியம் முழுவதும் தயாராக வேண்டும், இல்லையென்றால் பாட்டுகள் வேலப்பன்சாவடிக்குப் போய்விடும் என்று பேச்சு. போனால், எட்டு வருடம் வாசித்த பாட்டுகளை எவனோ வாசிக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

அன்று குழு கலைந்ததும் நான் மானிட்டரைக் குற்றம் சொன்னேன். "பதினாலு இன்ச்சுல எவன் பார்ப்பான்? பெருசு வேணும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மச்சான், செருப்பை மாட்டிக்கொண்டே. எங்கள் வீட்டில் பழமொழியை நான்தான் சொல்வேன். அன்று அதையும் பிடுங்கிக்கொண்டு போனார்.

கண்ணைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. நாற்பதில் நாய்க்குணம் என்பார்கள். எனக்கு அதோடு வெள்ளெழுத்தும் சேர்ந்து வந்தது. கம்பெனியில் கண் பார்க்க வந்த டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடி கையில் இருந்தது. அதைப் போட்டால் செய்தித்தாள் பளிச்சென்று தெரியும், ஆனால் செய்தித்தாள் இருப்பது ஒரு முழத்தில். மானிட்டரோ மேசையின் மறுகோடியில் இருந்தது. அதற்கு முன்னால் டைப் அடிக்கும் கீபோர்டு, அதற்கு முன்னால் வாசிக்கும் கீபோர்டு, அதற்குப் பின்னால் நான். அளந்தே பார்த்தேன்: மூன்றரை அடி. கண்ணாடி போட்டாலும் மங்கல், கழற்றினாலும் மங்கல். அந்த மூன்றரை அடிக்கு டாக்டரும் பொறுப்பில்லை, கடவுளும் பொறுப்பில்லை.

எக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். எக்கினேன். எக்கும்போது என் தொப்பை போய்க் கீபோர்டின் கட்டைகளில் உட்கார்ந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் தொப்பை வாசித்ததையும் அது விசுவாசமாக எழுதிக்கொண்டது. மறுநாள் போட்டுக் கேட்டபோது இடையர்கள் வரும் பாட்டின் நடுவில், மாட்டுத் தொழுவமே இடிந்து விழுவது போல ஒரு சத்தம். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது நல்லா கீதுங்க. யார் வாசிச்சது?" என்றாள்.

பரணில் ஒரு பொருள் இருந்தது. எண்பதுகளில் எங்கள் வீட்டில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி. அதற்கு முன்னால் மாட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி விற்பார்கள். தெருவே வந்து உட்கார்ந்து அதன் வழியாகப் படம் பார்த்தது. நேராக உட்கார்ந்தவனுக்குக் கதாநாயகன் தெரிவான், ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு அவன் காது மட்டும் தெரியும். அதைத் துடைத்து எடுத்து மானிட்டருக்கு முன்னால் கட்டினேன். நடுவில் இருந்த எழுத்து இட்லி மாதிரி உப்பி வந்தது. ஓரங்களில் இருந்த நோட்டெல்லாம் வாழைப்பழமாக வளைந்தது. வேகம் குறிக்கும் எண் இருந்ததோ மூலையில். இப்போது அது ஆறுமில்லை, எட்டுமில்லை, வெறும் புழு.

அந்த வாரம், பத்திரமாக வைத்திருந்த தீபாவளி போனஸை எடுத்தேன். அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பதினைந்து அங்குலமும் பதினேழு அங்குலமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், பேச்சில் பத்து வயது பெரியவர்.

அளந்து பார்ப்பதுதான் என் பிழைப்பு. பையிலிருந்து டேப்பை எடுத்துப் பதினேழை அளந்தேன். பதின்மூன்று கூட வரவில்லை.

"இன்னாபா, பதினேழுன்ற? நாலு இன்ச்ச முழுங்கிட்டியே."

"அண்ணாத்தே, அகலத்த அளக்கக்கூடாது. மூலையிலேருந்து மூலைக்குக் குறுக்கால அளக்கணும்."

குறுக்கால் அளந்தேன். பதினாறுக்கும் கீழே நின்றது.

"இப்பவும் ஒன்னு காணோமே."

"அது ஓட்டுக்குள்ள மறைஞ்சு கீது. ட்யூபு பதினேழுதான். ஓரத்துல சட்டம் மூடிகிச்சு."

"மூடிகினதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? ஸ்டேஷன் வாசல்ல முழம் போடுற பூக்காரம்மா கூட, கைய மடக்குனா கண்ணுக்குத் தெரியிற மாதிரிதான் மடக்கும்."

அவர் சிரித்தார். "உலகம் பூரா இப்படித்தாண்ணே மடக்குறாங்க. நான் மட்டும் நீட்டுனா கடைய இழுத்து மூடணும்."

பதிலில் நியாயம் இருந்ததோ இல்லையோ, அழகு இருந்தது. பதினேழையே வாங்கினேன். "வேலைக்குப் போக மீதி இருக்கட்டும்" என்பது எங்கள் கம்பெனியில் பெரிய ஸ்பேனர் எடுக்கும்போது சொல்லும் பேச்சு. கடைக்காரர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டி, நான் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதியும் கொடுத்தார்.

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் தலை பின்னால் மறைந்து, மனித உடலுக்கு மேல் ஒரு டிவி முளைத்தது போல் இருந்திருக்க வேண்டும். எதிரே கொய்யாக் கூடையோடு ஒரு அம்மா.

"டிவியாபா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு."

"அதுல இன்னா வரும்?"

"பாட்டு போடுறதுக்கு வாங்கினு போறேன்."

அந்த அம்மா கூடையை நகர்த்தி வைத்தார். "பாட்டு காதுலதானே கேக்கும்? அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கண்ணாடி?"

ரயில் பெட்டியே என்னைப் பார்த்தது. ஆவடியில் அந்த அம்மா இறங்கும்போது ஒரு கொய்யாவை மானிட்டர்மேல் வைத்துவிட்டுப் போனார். துக்க வீட்டில் ஆறுதல் சொல்வது போல இருந்தது.

வீட்டில் வைத்தால் அதன் முதுகு நீளம். சுவரை ஒட்டி வைத்தால் திரை மேசையின் நுனிக்கு வந்தது, வாசிக்கும் கீபோர்டுக்கு இடமில்லை. கடைசியில் மேசையை ஜன்னலோடு சேர்த்து, இரண்டு கம்பிகளைக் கழற்றிய இடைவெளியில் அதன் பின்பக்கத்தை நுழைத்தேன். பாதி மானிட்டர் வீட்டுக்குள், பாதி தெருவில். மழைக்காலம். மனைவி என் மழைக்கோட்டை எடுத்துப் போய் வெளியே அதன் முதுகுக்குப் போர்த்திவிட்டாள். தெருவில் போனவர்கள், யாரோ நனைந்துகொண்டே எங்கள் வீட்டை எட்டிப் பார்ப்பதாக நினைத்தார்கள்.

தாளில் எழுதியபடி ஒவ்வொன்றாகச் செய்து திறந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றரை அடி. எழுத்து அப்படியே கடுகாகத்தான் இருந்தது! முன்பு எட்டு வாத்தியம் தெரிந்த இடத்தில் இப்போது பதினைந்து வாத்தியம் தெரிந்தது. வீடு பெரிதானால் காலை நீட்டிப் படுக்கலாம் என்று பார்த்தால், ஊரிலிருந்து சொந்தமெல்லாம் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டது.

முதல் ஞாயிறுக்கு இன்னும் எட்டு நாள். மச்சான் வந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஃபாதரு இன்னிக்கு கேட்டாரு, மச்சான். வேணும்னா வேலப்பன்சாவடிக்காரன்கிட்ட சொல்லி வெக்கவான்னு."

அவருக்குக் காபி கொண்டுவந்த மனைவி, டம்ளரை நீட்டியபடியே திரையைப் பார்த்தாள். அவள் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"இன்னாங்க இது, புது டீச்சர் எழுதுற மாதிரி கீது? பெரிய போர்டு கிடைச்சா பொடிப்பொடியா எழுதி ரொப்பும் அதுங்க. போர்டு எம்மாம் பெருசா இருந்தா இன்னா? எழுத்து பெருசா இருந்தாத்தான் கடைசி பெஞ்சுக்குத் தெரியும். நீங்க உக்காந்துகினு இருக்கிறது கடைசி பெஞ்சு."

கடைக்காரரின் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான்காவது வரியில், திரையில் எத்தனை புள்ளி என்று கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை வலது கோடிவரை தள்ளச் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய மானிட்டருக்குக் குறைவாக வைத்தால் மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். நானும் பெரிதாக வேண்டும் என்பதால் பெரிது பக்கம் தள்ளியிருந்தேன். புள்ளி கூடக் கூட எழுத்து பொடியாகும் என்று யார் கண்டது? இப்போது குறைச்சல் பக்கமாக இழுத்தேன். திரை ஒருமுறை கறுத்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம். திரும்பி வந்தபோது எழுத்துகள் திருமணப் பத்திரிகை மாதிரி நின்றன. சின்ன மானிட்டரிலும் இதே அமைப்புதான் இருந்தது. ஆனால் அதை அகலமான திரையில் நீட்டியபோது, ஆறு ஆறாகவும் எட்டு எட்டாகவும் பிரிந்து உட்கார்ந்தன. எட்டு வாத்தியத்துக்கு மேல் பார்க்க வேண்டுமானால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்டிக்கொள்கிறேன் என்றேன்.

சந்தோஷம் அரை மணி நேரம் தாங்கியது. நான் வாசித்திருந்த பாட்டுகளைத் திறந்து கட்டம் கட்டமாகப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டும் ஒரு சின்னக் கோடு, எந்த இடத்தில் விழ வேண்டுமோ அங்கே கட்டத்தின் விளிம்பு. வலது கைக் கோடுகள் விளிம்பைத் தொட்டு நின்றன. இடது கைக் கோடுகள் எல்லாமே கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தன. ஒன்று இரண்டல்ல, ஒவ்வொரு அடியிலும், எல்லாப் பாட்டிலும். எட்டு வருடமாக என் இடது கை கோவிலுக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பதினாலு அங்குலத்தில் நான் நல்ல வாசிப்புக்காரனாக இருந்தேன்.

கம்பெனியில் இப்படி ஒரு பாகம் வந்தால் தேறாத பெட்டியில் போட்டுவிடுவேன். இங்கே அதை நேராக்க ஒரு கட்டளை இருந்தது. அழுத்தினால் கோடுகள் எல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி விளிம்பில் போய் நிற்கும். கேசட்டுக்கான பத்துப் பாட்டையும் இரண்டு நாளில் நேராக்கினேன். குழுவை வரவழைத்தேன்.

பாடவே முடியவில்லை. ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் தடுக்கி விழுந்தார்கள். பெண்கள் வரிசையில் ஒருவர் மூச்செடுக்கும்போதே வாத்தியம் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. மூன்றாவது முறையும் விழுந்ததும் வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். என் இடது கையைப் பற்றி, கோடுகளைப் பற்றி, எல்லாவற்றையும்.

மச்சான் குழுவைப் பார்த்தார். குழு மச்சானைப் பார்த்தது.

"அது எங்களுக்குத் தெரியுமே" என்றார். "நீ லேட்டாத்தான் வருவ. அதுக்குள்ள நாங்க மூச்சு எடுத்துக்குவோம். எட்டு வருஷமா அப்படித்தான் பாடிகினு வரோம். இப்ப இன்னா மச்சான் திடீர்னு ஒயுங்கு?"

"சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? நல்லாத்தானே போய்கினு இருந்துச்சு."

அடுத்த இரண்டு நாள் கம்பெனிக்கு லீவு போட்டேன். நேராக்கியதன்மேலேயே சேமித்திருந்ததால் பழையது அழிந்துவிட்டது; கேசட்டில் சேராத ஒரு பாட்டில்தான் என் பழைய தாமதம் மிச்சமிருந்தது. நேராக்கிய இடது கைக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, அந்தப் பாட்டின் எண்களைப் படித்து, பழையபடி பின்னுக்கு இழுத்து வைத்தேன். அளந்து அளந்து தப்பாக வைப்பது சுலபமில்லை. மொத்தமாக ஒரே அளவு தள்ளினால் செத்த வாத்தியமாகக் கேட்டது. என் கையின் சோம்பல் ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. பெரிய எழுத்தில் அதையும் பார்க்க முடிந்தது. சனிக்கிழமை மத்தியானம் குழு வந்து ஒரு பாட்டில்கூட விழாமல் பாடிவிட்டுப் போனது.

ஞாயிறு பூசை முடிந்ததும், ராத்திரி பக்கவாத்தியத்தைப் பதிந்த கேசட்டைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்தேன். தன் அறையில் டேப்பில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்று பாட்டுக் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

"கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு சொன்னாங்களே" என்றார் கடைசியில். "நீ கோவில்ல வாசிக்கிற மாதிரியேதான் இருக்கு."

அது பாராட்டா, குறையா என்று கேட்க நான் வாயெடுத்தேன். அவர் கேசட்டை வெளியே எடுத்து, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் மச்சான் காத்துக்கொண்டிருந்தார். "இன்னா சொன்னாரு?"

"வாங்கி வெச்சுகினாரு" என்றேன். "வேலப்பன்சாவடி பேச்ச எடுக்கவே இல்ல."