அச்சே இல்லாத சுமத்ரா

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு போட்டி அறிவித்தார்கள். அண்டை நாடு ஒன்றைப் பற்றி நல்ல கட்டுரை எழுதும் மாணவருக்கு அந்த நாட்டுக்கே கப்பல் பயணம் பரிசு. நான் இந்தோனேசியாவை, அதிலும் சுமத்ராவைப் பிடித்துக்கொண்டேன். மலாக்காவில் எங்கள் ஊர்ப்பக்கத்துச் செர்காம் கடற்கரையில் நின்றால் அக்கரையிலிருக்கும் சுமத்ரா தெரியாது. சிறு வயதிலிருந்தே எனக்கு அது ஓர் உறுத்தல். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸரான அப்பா, "பரிசு கெடைச்சா போய்ட்டு வா. இல்லாட்டி கப்பல் பேச்சையே எடுக்காத" என்று முடித்துவிட்டார்.

விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து இருபத்திரண்டு தாள் எழுதினேன். கடைசித் தாளில் ஓரம்வரை நிறைத்து ஒரு வரைபடம். அனுப்பவேண்டிய கடைசி நாளும் வந்தது. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. எஸ்டேட்டைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று கேட்டில் புடவை மடிப்பைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். மலாக்கா தபால் நிலையத்துக்குள் நுழைந்தபோது மூடுவதற்கு அரை மணி நேரம்தான் இருந்தது.

தாள்களைக் கடைசியாக ஒருமுறை எண்ணலாம் என்று உறையிலிருந்து உருவினேன். ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் மஞ்சள்! நான் குளிக்கப் போன நேரத்தில், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல, அம்மா வைத்திருக்கிறாள். ஒன்றுவிடாமல்.

எழுதியவரைக் காட்டும் எந்த அடையாளமும் தாளில் இருக்கக்கூடாது என்பது விதி. எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். பக்கத்துத் தையல்கடைக்கு ஓடினேன். "அண்ணே, கத்தரிக்கோல் கொடுங்க, அவசரம்!" தையல்காரர் தாள்களைத் தானே வாங்கி எண்பத்தெட்டு மூலையையும் நறுக்கித் தள்ளினார். வரைபடத்தின் மேல்மூலையோடு சுமத்ராவின் அச்சே மாநிலமும் போய்விட்டது. மஞ்சள் பட்டதைக் குப்பையில் போட மனம் வரவில்லை; எல்லாவற்றையும் பொறுக்கவோ நேரமில்லை. அச்சே துண்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணீரைத் துடைத்தபடி தபாலில் சேர்த்தேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததே எனக்கு ஆச்சரியம். மூன்று நடுவர்கள். நடுவிலிருந்த வெள்ளைக்காரர் என் வரைபடத்தை எடுத்துப் பார்த்துக் கேட்டார்: "அச்சே எங்கே?"

"என் கைப்பையில் இருக்கிறது" என்றேன்.

எடுத்து வரைபடத்தில் பொருத்திக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு அச்சேயின் மிளகு வியாபாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் துளைத்தெடுத்தார்கள். படித்திருந்தேன், பிழைத்தேன்.

பரிசுக் கடிதத்தை அப்பா இரண்டு முறை படித்தார். அதற்குமேல் எனக்கு மறைக்க முடியவில்லை. "அம்மா, நீங்க வச்ச மஞ்சளையெல்லாம் வெட்டிட்டேன். ஒரே ஒரு துண்டுதான் மிச்சம்" என்றேன்.

"அவங்க எதப் பத்திக் கேட்டாங்க?"

"அந்தத் துண்டைப் பத்திதான்."

"அப்புறம் என்னலா?" என்று அம்மா அடுப்படிக்குத் திரும்பினாள். "மத்த மஞ்சளையும் பத்திரமா வச்சிருந்தா நாலு நாடு பார்த்திருப்பே."