மரியரஞ்சனியின் துவக்கு

மரியரஞ்சனி ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவர். வீடு வெஸ்ட்லியில். 2004இல் வேட்டைப் பரீட்சையில் தேறி, பழைய பம்ப் துவக்கு ஒன்றை வாங்கி வந்தபோது, கணவர் வரதராசா வாசலிலேயே மறித்தார்.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே ஊரை விட்டு வந்தனாங்கள்?”

“அது ஆளைச் சுடுற துவக்கு. இது முயலுக்கு. வழியை விடுங்கோ.”

இரண்டு வருடம் ஒழுங்காகச் சுட்டது. பிறகு ஒரு நாள் காட்டில், சுட்டுவிட்டு, குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தபோது வெற்றுத் தோட்டா வெளியே வரவில்லை. குழலுக்குள்ளேயே இறுகி நின்றது. முயலும் தப்பிவிட்டது. கூடவந்த ஓட்வார் என்ற நோர்வேக்காரர், பழைய சாமான், விற்றுவிடு என்றார்.

மரியரஞ்சனி விற்கவில்லை. குழலைத் துப்புரவாக்கினார். சுடுதளத்தில் வேறு தோட்டாக்கள் போட்டுச் சுட்டும் பார்த்தார். அதே கதைதான். ஒவ்வொரு தோட்டாவையும் குச்சியால் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவற்றின் பித்தளை விளிம்பைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு கீறல். ஏதோ பிடித்து, பிடி வழுக்கியிருக்கிறது. துவக்குக்குள் தோட்டாவைப் பிடித்து இழுப்பது ஒரு சின்னக் கொளுக்கி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன் நுனி உடைந்திருந்தது!

பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் துவக்குக் கடையொன்றில் எடுப்பித்த புதுக் கொளுக்கி பொருந்தவில்லை.

“கொஞ்சம் அராவினால் போகுமே?” என்றார் வரதராசா.

“என்ரை முகத்துக்குப் பக்கத்திலை வெடிக்கிற சாமானப்பா. அராவ மாட்டன்.”

மறுபடி லில்லெஸ்ட்ரோமுக்கு ரயில் ஏறினார். கடையில் துவக்கில் பொறித்திருந்ததை வாசித்துப் பார்த்ததில், வந்தது வேறு அளவுத் துவக்குக்கான கொளுக்கி என்று தெரிந்தது. சரியானது வர ஒரு மாதம் பிடித்தது. அந்த மாதம் முழுக்க மற்றவர்களோடு காட்டுக்குப் போய், வெறுங்கையோடு நடந்தார். முகம் சுளிக்கவில்லை.

கொளுக்கி வந்த அன்று, துவக்கில் தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் குசினி மேசையில் கழற்றினார். பழைய கொளுக்கியை நெம்பியதும் அதன் பின்னால் இருந்த வில்லுக்கம்பி துள்ளிப் பறந்தது.

“ஐயோ, எங்கை போச்சு?”

“பொறு, அசையாதை!” துவக்கே வேண்டாம் என்றிருந்த வரதராசா முழங்காலில் நின்று, ஃபிரிட்ஜுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, அதை எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை சுடுதளத்துக்கு அவரும் போனார். மரியரஞ்சனி சுட்டார், இழுத்தார். வெற்றுத் தோட்டா அவருடைய வலது தோளைத் தாண்டிப் போய் விழுந்தது.

“இன்னொருக்காச் சுடு, பாப்பம்,” என்றார் வரதராசா.