சாம்பார் குறியீட்டெண்

எங்கள் மகள் லண்டனுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது நான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். குபெர்டினோவில் அவளுக்கு ஒரு வேலை உறுதியாகியிருந்தது. கலிபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கால்மணி நேரம்கூட ஆகாது. அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். "ஐ ஆல்ரெடி சைன்ட், அப்பா" என்றாள். முள்ளங்கி தப்பித்தது, என் விரல் தப்பவில்லை. காயம் ஆறிப் பல காலமாகிறது. ஆனாலும் வீட்டில் யாராவது "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் முதலில் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அவள் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணிடம் "வந்துவிடு" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் என் மனைவி, "நீங்க உங்கப்பாகிட்ட பர்மிஷன் கேட்டுட்டா அமெரிக்கா வந்தீங்க?" என்பாள். ஆகவே விலைவாசி மூலமாகச் சொல்வதென்று தீர்மானித்தேன்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதை அதுவரை நான் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது படித்துப் பார்த்தால் அது எனக்காகவே நடந்ததுபோல் இருந்தது. நன்றாக இருந்த வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போவது, போன பிறகு காய்கறிக்குத் திண்டாடுவது. இதைவிட ஒரு அப்பாவுக்கு என்ன வேண்டும்? மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் அதையே படித்தேன். இறக்குமதி வரியால் ஒரு சராசரிக் குடும்பத்தின் உணவுச் செலவு கூடலாம் என்று எழுதியிருந்த கட்டுரைகளைத் தேடித் தேடி எடுத்து, நாங்கள் மூவர் மட்டும் இருக்கும் குடும்பக் குழுவில் போட்டேன். மகள் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

நடுவில் எனக்குப் பெரிய ஏமாற்றம் ஒன்று வந்தது. இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஐரோப்பாவிலேயே விளைந்ததென்று காட்டினால், அங்கிருந்து வரும் தக்காளிக்கு வரியே இல்லை. ஒரு நாள் முழுக்க மனம் சரியில்லை. மறுநாள்தான் வழி கிடைத்தது. வரி இல்லாவிட்டால் என்ன, துறைமுகத்தில் சோதனை உண்டு, சான்றிதழ் உண்டு, லாரி நிற்கும் நேரம் உண்டு. அந்தச் செலவெல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் விழும். நான் அந்த லாரியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படிப் பிறந்ததுதான் சாம்பார் குறியீட்டெண். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இங்கே சாம்பார் வைப்போம். அவளுக்கு அது மாலை நேரம், வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பாத்திரமாக அவளும் வைப்பாள். வீடியோவில் இரண்டு அடுப்பும் தெரியும். ஒரு பாத்திரம் சாம்பாருக்கு அங்கே என்ன ஆகிறது, இங்கே என்ன ஆகிறது என்று நான் ஒப்பிடுவேன். பொருளாதாரத்தில் இது புதிய முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"தக்காளி எந்த ஊருடா?"

அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "மொராக்கோ."

"ஸ்பெயின் இல்லையா?"

"அப்பா, வை டு யூ சவுண்ட் சோ டிஸப்பாயின்டட்?"

"இல்லடா, சும்மா கேட்டேன். சின்ன வெங்காயம்?"

"ஃபிரான்ஸ்."

"பாத்தியா! அது லாரில வரணும். லாரி நிக்கும். அடுத்த வாரம் விலை ஏறலாம்."

"தென் ஐ வில் யூஸ் பெரிய வெங்காயம்."

பின்னாலிருந்து மனைவி குக்கரை இறக்கிக்கொண்டே சொன்னாள். "பொண்ணைப் பாக்கணும்னா டிக்கெட் புக் பண்ணுங்க. வாராவாரம் லாரி ஓட்டாதீங்க."

டிக்கெட் வாங்க எனக்கு மனமில்லை. போய் அவளுடைய வீட்டு மணியை அடித்தால், அது அவளுடைய வீடு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

குறியீட்டெண் சில மாதங்கள் எனக்குச் சாதகமாகவே இருந்தது. அப்புறம் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது. எந்த வரியை நான் அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேனோ அது எங்கள் ஊர்க் கடைத்தெருவான எல் கமீனோ ரியலுக்கே வந்து இறங்கியது.

செய்தி வந்த சனிக்கிழமை நாங்கள் வழக்கமாகப் போகும் இந்தியக் கடையில் கார் நிறுத்த இடம் இல்லை. விலை இன்னும் ஏறவில்லை, ஏறலாம் என்ற பேச்சு மட்டும் வந்திருந்தது. அது போதும், அந்தச் சொல்லின் பலம் எனக்குத் தெரியாதா? மூட்டை மூட்டையாகப் பொன்னி அரிசி வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஆன்ட்டியின் வண்டியில் பெருங்காயம் மட்டுமே ஒரு அடுக்கு இருந்தது.

"இவ்வளவு பெருங்காயம் எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியலப்பா. முன்னாடி நின்னவர் எடுத்தார், நானும் எடுத்துட்டேன்."

சிரித்துவிட்டு நானும் இரண்டு டப்பா எடுத்துக்கொண்டேன்.

மனைவி அந்தக் காட்சியைப் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிட்டாள். கையில் பெருங்காயத்தோடு நான், பின்னால் காலியான துவரம் பருப்பு அலமாரி. மகள் இதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள். அன்றிலிருந்து கட்டுரைகள் எதிர்த்திசையில் வர ஆரம்பித்தன. பருப்பு விலை, மசாலா விலை, காபி விலை. ஒவ்வொன்றின் கீழும் என் வாசகமே இருந்தது, தமிழில், அவளே எழுத்துக்கூட்டித் தட்டியது: "ஏறலாம்." அந்த ஞாயிற்றுக்கிழமை தன் கடைப் பருப்புப் பொட்டலத்தைக் காமிராவுக்கு அருகில் கொண்டுவந்து காட்டினாள்.

"லண்டன்ல பருப்பு இருக்கு அப்பா. மூவ் ஹியர். யூ ஆர் ஸ்ட்ரகளிங்."

மனைவி சிரித்த சிரிப்பில் சாம்பார் அடிப்பிடித்தது.

நவம்பர் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, "டூ பிக் செக்-இன் பேக்ஸ் கொண்டு வரேன், வேன் மாதிரி பெரிய கார் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

இரண்டு பெரிய பெட்டிகள். எப்போதும் முதுகுப்பையோடு வந்து போகிற பெண். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. மகளுடைய அறையில் குடியேறியிருந்த டிரெட்மில்லை கராஜுக்கு நகர்த்தினேன். துணி அலமாரியில் நான் வைத்திருந்த குளிர்காலக் கோட்டுகளை எடுத்தேன். குபெர்டினோ கம்பெனியில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்றுகூடப் பார்த்தேன், எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"டிரெட்மில் எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கராஜ்ல ஓடினா காத்து வரும்."

"எப்ப ஓடினீங்க?"

விமான நிலையத்தில் அவள் இரண்டு பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒன்றைத் தூக்கிக் காரில் வைக்கும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. இவ்வளவு கனமென்றால் புத்தகங்கள்தான், புத்தகங்களையே கொண்டுவந்துவிட்டாள் என்றால் முடிவு எடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ஃப்ரீவே முழுக்க எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தாள்.

துவரம் பருப்பு. அதன் கீழே தேயிலை, காபித்தூள். பக்கவாட்டில் பிஸ்கட். பிஸ்கட்டுகளுக்கு நடுவில், உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றிய பெருங்காய டப்பாக்கள்.

"கஸ்டம்ஸ்ல எல்லாம் டிக்ளேர் பண்ணேன். தி ஆபீஸர் ஆஸ்க்டு, வாட் இஸ் ஆல் திஸ்? ஐ செட், மை டாட்ஸ் எகனாமிக் பாலிசி." அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியைப் பார்த்தேன். அதில் கொஞ்சம் துணியும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் இருந்தன. மீதி இடம் காலி. இங்கிருந்து குளிர்காலத் துணிகளை எடுத்துப் போகவாம். தன் வீட்டுக்கு வருகிறவள் யாராவது பருப்பு கொண்டு வருவாளா? ஊருக்கு வருகிற விருந்தாளிதான் அப்படி வருவாள். நான் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்து, பவுண்டில் ஒட்டியிருந்த விலையை வெகுநேரம் படித்தேன். கண்ணாடி போடாததால் எண் கலங்கித் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மனைவி என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினாள். "டிரெட்மில்லைத் திரும்பக் கொண்டாரணுமா?" என்று காதோடு கேட்டாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"அவ போனப்புறம் பாத்துக்கலாம்."

அந்த வாரம் முழுக்க லண்டன் பருப்பில்தான் சன்னிவேல் சாம்பார். ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை, அதுவும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கிளம்புகிற நாளில் அவள் ஒரு பெட்டியோடு வாசலில் நின்றாள். பருப்பு வந்த பெட்டி கூடத்திலேயே இருந்தது.

"இதை மறந்துட்டியேடா."

"மறக்கல. நீங்களும் அம்மாவும் வரும்போது எடுத்துட்டு வாங்க. ஐ ஹேவ் அ ஸ்பேர் ரூம் நவ்." அப்புறம் தமிழில் சொன்னாள். "அதுல டிரெட்மில் இல்ல."

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த மாலையே டிக்கெட் விலை பார்த்தேன். ஏறலாம் என்று போட்டிருந்தது. ஆகவே உடனே வாங்கிவிட்டேன். கூடத்துக்கு வந்து பார்த்தால், திறந்த பெட்டியின் முன்னால் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் நான் வைத்திருந்தவை அவள் கண்ணில் பட்டுவிட்டன.

"ஏங்க, இவ்வளவு புளி எதுக்கு? அங்க புளி கிடைக்காதா?"

"கிடைக்கும்" என்றேன். "ஆனா லாரி நிக்கலாம்."