காப்பிக் களத்தில் சுற்றிய கார்

கார் ஒன்று பம்பரம்போலச் சுற்றி நிற்பதை நான் ஒரே ஒருமுறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. உலகத்தில் இதைவிடப் பெரிய அதிசயம் இருக்காது என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்தக் காலை எனக்கு அதிசயம்தான், காரணம் மட்டும் மாறிவிட்டது.

காரை ஓட்டியவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. சேலத்தில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்தாள். பட்டறைக்கு வருகிறவர்கள், “மெக்கானிக் இல்லீங்களா?” என்று அவளிடமே கேட்பார்கள். “இருக்காருங்க” என்று உள்ளே போய், கையில் ஸ்பேனரோடு அவளே திரும்பி வருவாள். அவளுக்குக் கோபமே வராது. அவளுக்காக எனக்குத்தான் வரும்.

ஓர் எஸ்டேட் முதலாளி ஏற்காட்டைவிட்டுப் போகும்போது குடோனில் விட்டுச் சென்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு, எலி குடித்தனம் நடத்திய சீட்டு. அதைக் கேட்டு வாங்கி வந்து, எங்கள் வீட்டு வாசலில் வைத்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பிரித்துப் பூட்டினாள் அத்தை. கோயமுத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஒரு நாளாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. தூக்கத்தில்கூடக் கியர் மாற்றுவாள் என்று அம்மா கேலி செய்வார்.

எஞ்சினைவிட பிரேக்கில்தான் அவளுக்குக் கவலை. “ஓடறது பெருசில்ல கண்ணு, நிக்கறதுதான் பெருசு” என்பாள். டிராக்கில் வேகமாகப் போய்ப் போய் மிதித்தால் பழைய பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடுமாம். அதனால் முன்சக்கரங்களுக்கு எங்கள் வீட்டுத் தோசைக்கல் அளவுக்கு டிஸ்க் பிரேக் வட்டுகள் வந்தன. பின்னாலும் பழைய டிரம் போய் வட்டு வந்தது. பிரேக் மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு திருகு வைத்தாள். ஒரு பக்கம் திருகினால் முன்சக்கரம் அதிகம் பிடிக்கும், மறுபக்கம் திருகினால் பின்சக்கரம். பங்கைச் சரியாகப் பிரித்த இடத்தில், அசைந்தால் தெரியவேண்டும் என்று திருகுத் தலையின் மேற்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். மிச்சப் பூச்சு என் விரல்களுக்கு.

அப்பா எங்கள் ஏற்காட்டு மலையில் நாகலூருக்கும் அடிவாரத்துக்கும் ஜீப் ஓட்டியவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறவே மாட்டார். கல்யாணத்துக்குப் போகும் வேனில்கூட டிரைவரைக் கெஞ்சி ஸ்டீயரிங்கை வாங்கிக்கொள்வார். தங்கை டிராக்குக்குப் போகிறாள் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

“நம்ம காப்பிக் களத்துல ஓட்டி நிறுத்திக் காட்டு அம்முணி. நேரா நின்னா போ. இல்லீனா வண்டிய வித்துப்போட்டு ஊட்டுல இரு.”

“செரிங்ண்ணா” என்றாள் அத்தை.

அறுவடை முடிந்து, காப்பிக்கொட்டை காயப்போடும் களம் காலியாகக் கிடந்த காலம். சொன்ன நாளில் நான் சீக்கிரமே எழுந்து வாசலுக்கு வந்தேன். காரின் கதவு திறந்திருந்தது. அப்பாவின் கால்கள் வெளியே, தலை மிதிக்கட்டைக்குக் கீழே.

“என்னங்கப்பா பண்றீங்க?”

“அத்தைக்கு ஒத்தாசை பண்றன் சாமி.”

எனக்குப் பெருமையாக இருந்தது.

பனி விலகியதும் களத்துக்குப் போனோம். நானும் அப்பாவும் ஓரத்துக் கொட்டகையில் நின்றோம். எஸ்டேட் ரோட்டிலிருந்து கார் சீறிக்கொண்டு களத்துக்குள் வந்தது. அத்தை பிரேக்கை மிதித்தாள். பின்சக்கரங்கள் கிறீச்சென்று இறுகின. வால்பக்கம் முன்னால் வர, முன்பக்கம் பின்னால் போக, கார் அப்படியே சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. பின்சக்கரத்துக்கும் களத்தின் விளிம்புக்கும் நடுவே என் ஸ்கூல் பையை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். அதற்குக் கீழே பள்ளம், பள்ளத்தில் சில்வர் ஓக் மரங்களின் உச்சிகள்.

நான் குதித்துக் குதித்துக் கைதட்டினேன். “இன்னொருக்கா சுத்துங்கத்தை!”

வேறு யாரும் தட்டவில்லை. அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை இறங்கிக் குனிந்து திருகைப் பார்த்தாள். மேலே இருக்கவேண்டிய சிவப்புப் பொட்டு அங்கே இல்லை.

அப்பாவின் புகழ் வீணாகப் போகக்கூடாதென்று நான்தான் முந்திக்கொண்டேன். “அப்பா காலைலயே திருகிக் குடுத்தாருங்கத்தை!”

எங்கள் மலையில் பைக் ஓட்டப் பழகும் எல்லாருக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: இறக்கத்தில் முன்பிரேக்கைத் தொடாதே. கூட்டாளி ஒருவர் மண் சறுக்கலில் முன்பிரேக்கைப் பிடித்து, பைக்கைத் தாண்டிக் குப்புற விழுந்து செத்ததைக் கண்ணால் பார்த்தவர் அப்பா. ஜீப்பில் முன், பின் என்று பிரிக்க வழியில்லை. பிரித்து வைக்க ஒரு திருகு கிடைத்ததும், தங்கையின் உயிரைப் பத்திரமாகப் பின்சக்கரத்துக்கு மாற்றிவிட்டார்.

“முன்னால புடிச்சா குப்புறத் தள்ளிருமேன்னுதான் அம்முணி…” என்றார் அப்பா.

அத்தை அவர் பக்கத்தில் வந்து குந்தினாள். “ஏனுங்ண்ணா, நாகலூர் பஸ்ஸு சடார்னு பிரேக் அடிச்சா சனமெல்லாம் எங்க போயி உளுகும்?”

“டிரைவரு மேல.”

“வண்டியோட பாரமும் அப்படித்தானுங்க முன்னால வந்துரும். பின்சக்கரம் லேசாயிரும். லேசானத நொம்ப இறுக்கிப் புடிச்சா வழுக்கிட்டுச் சுத்தீரும். பைக்குக்குச் சொன்னது காருக்கு ஆகாதுங்க.”

பொட்டு மேலே வரும்வரை திருகைத் திருப்பினாள். பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தாள். “ஏறுங்ண்ணா.”

அப்பா கதவைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

இந்த முறையும் அதே சீற்றம், அதே இடத்தில் மிதி. காரின் மூக்கு மட்டும் தண்ணீர் குடிக்கக் குனியும் மாடுபோலத் தாழ்ந்தது. கோடு போட்டதுபோல நேராக வந்து, களத்தின் நடுவிலேயே நின்றது.

“நேராத்தான் நிக்குது” என்றார் அப்பா இறங்கியதும். அடுத்த ஞாயிறு இருவரும் கோயமுத்தூர் போனார்கள்.

அன்று களத்தில் எனக்கோ பெருத்த ஏமாற்றம். பிரமாதமாகச் சுற்றியதற்கு யாரும் கைதட்டவில்லை; சும்மா நின்றதற்கு அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார். பெரியவர்களுக்கு ரசனையே கிடையாது என்று முடிவு செய்தேன். இருந்தாலும் ஒரு முயற்சி பார்ப்போமென்று, “அத்தையை இன்னொருக்கா சுத்தச் சொல்லுங்கப்பா” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் என் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். ஏற்காட்டுக் குளிர் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.