மின்னல் பறவை விழுந்த சனிக்கிழமை

பதினோரு வயதில் எனக்குப் பிரெஞ்சு மொழியில் ஒரே ஒரு வார்த்தை தெரியும்: 'உய்'. ஆமாம் என்று அர்த்தம். காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரையா என்று கேட்டால்கூட 'உய், உய்' என்றுதான் தலையாட்டுவார்கள். அவர்கள் எதையும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே மறுப்பதற்கான வார்த்தை எனக்குத் தெரியாமலே போயிற்று. இந்த அரைகுறைப் படிப்புதான் ஒரு சனிக்கிழமை காலையில் என்னை ஏறக்குறையச் சாகடித்தது.

அந்த ஆடி மாதம் பாரிசிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். மாமா மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். தமிழில் மரியாதையை மட்டும் சொல்லிக்கொடுத்து வளர்த்திருந்தார்கள். என்னை 'வாங்க' என்பான், எங்கள் வீட்டு ஆட்டையும் 'வாங்க' என்பான். அதனால் எனக்குப் பெருமையும் இல்லை, ஆட்டுக்கு வருத்தமும் இல்லை.

அவன் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். அதன் பிளக்கும் எங்கள் டிவியும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவில்லை. வயர்மேனான சித்தப்பாதான் ஒயரை வெட்டி ஒட்டி ஏதோ செய்து படத்தை வரவழைத்தார். கலர் மட்டும் வரவில்லை. பாரிசில் பச்சையாக இருந்த காடு எங்கள் வீட்டில் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது.

விளையாட்டு இதுதான். ஒரு வீரன் தீவு தீவாகப் போகவேண்டும். வழியில் வரும் அரக்கர்களில் தீ, நீர், மண், மின்னல் என்று நான்கு வகை. வீரனிடமும் அதே நான்கு மந்திரங்கள் உண்டு. எதற்கு எது எமன் என்று தெரிந்து அடித்தால் காயம் இரட்டிப்பு. தெரியாமல் அடித்தால் அரக்கனுக்கு முதுகு தேய்த்துவிட்ட மாதிரி. இதில் எனக்கு அசைக்கமுடியாத கொள்கை ஒன்று இருந்தது: எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். காவிரியின் கடைக்கோடியில் இருக்கும் எங்களை, வராமலிருந்தும் அழவைக்கும், வந்தும் அழவைக்கும் தண்ணீரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் யார்?

முதல் தீவின் முடிவில் ஒரு மின்னல் பறவை இருந்தது. மாமா மகன் அதன் முன்னால் மாதக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தான். பாரிசிலேயே தொடங்கிய சாவு அது. என்னென்ன செய்து பார்த்தான் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தான், பறவையின் படத்தோடு. என் தண்ணீர்க் கொள்கையையும் ஒருநாள் கேட்டு நடந்தான். நனைந்த வீரன் ஒரே இடியில் கரிக்கட்டையானான். அவன் கோபப்படவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டான். தினமும் பெட்டியைப் போடும்போது கையைத் தேய்த்துக்கொண்டு, "இன்னைக்கு பறவை விழுவாங்க" என்பான்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் திருநள்ளாறு கிளம்பினார்கள். சனீஸ்வரன் பாரிஸ் வரைக்கும் வந்து பிடிக்கிறார் என்று மாமாவுக்குப் பயம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டேன். மாமா மகன் போகும்போது, "பெட்டியைத் தொடாதீங்க" என்றான். முனகலிலேயே சம்மதித்தேன்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் வயிற்றுவலி போய்விட்டது. பெட்டியைப் போட்டேன். திரை பிரெஞ்சில் ஏதோ கேட்டது. கீழே இரண்டு வார்த்தைகள். ஒன்று எனக்குத் தெரிந்த வார்த்தை. தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷத்தில் அழுத்தினேன்.

வாளும் கவசமுமாக நிற்கவேண்டிய வீரன் முதல் ஊரில், கிழிந்த சட்டையோடு, கையில் ஒரு குச்சியோடு நின்றான். பழைய ஆட்டத்தை அழிக்கட்டுமா என்று அது கேட்டிருக்கிறது; நான் ஆமாம் என்றிருக்கிறேன்.

அடுத்த அரைமணி நேரம் நான் செய்த காரியங்களை மானமுள்ள மனிதன் எழுதமாட்டான், நான் எழுதுகிறேன். பெட்டியில் செருகியிருந்த விளையாட்டு கேசட்டைக் கழற்றி, தலை சுற்றும்வரை ஊதினேன். அதற்குத் திருநீறு பூசினேன். பிரெஞ்சுக் குடிமகனின் உடைமையை அழித்தவனைப் பிடிக்கப் புதுச்சேரி போலீஸ் வருமா, பாரிஸ் போலீஸ் வருமா என்று யோசித்தேன். படகுகள் நிற்கும் பட்டினத்துக்கு ஓடி ஏதாவது விசைப்படகில் ஏறிவிடலாம் என்று செருப்பைக்கூட மாட்டினேன். இதற்குள் வயிறு நிஜமாகவே வலிக்கத் தொடங்கி, இரண்டு முறை கொல்லைப்பக்கம் ஓடினேன்.

கடைசியில் புத்தி வந்தது. அவர்கள் திரும்புவதற்குள் அந்த வீரனை மறுபடியும் பறவைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியும்? அவன் பெயரையே எழுத்தெழுத்தாக வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வழி எனக்கு மனப்பாடம். தீ அரக்கனுக்குத் தண்ணீர், மண் அரக்கனுக்கும் தண்ணீர், தண்ணீர் அரக்கனுக்கு மட்டும், மனசில்லாமல், மின்னல்.

மதியம் சித்தப்பா சாப்பிட வந்தார்.

"என்னாடா, வயித்து வலின்னு சொல்லிட்டு வேர்த்து ஊத்த ஒக்காந்திருக்க?"

"சுரீர்னு அடிக்குது சித்தப்பா."

"எது, வயிறா?"

"பொட்டி."

புறங்கையால் தொட்டுப் பார்த்து, "எர்த்து காஞ்சி போயிருக்கு. கொல்லையில கம்பி பொதச்ச குழி இருக்குல்ல, அதுல ஒரு வாளி தண்ணிய ஊத்து, போ" என்றார்.

"தண்ணி ஊத்துனா இன்னும் அடிக்காதா?"

"போடா கூறுகெட்டவனே. கரண்டுக்கு ஒம்மேல கோவமா என்ன? அதுக்கு மண்ணுக்குப் போவணும், அவ்வளவுதான். நடுவுல நீ நின்னா ஒன் வழியாப் போவும். நேரா மண்ணுக்கு வழி காட்டிவுட்டுட்டா ஒன்ன எதுக்குத் தொடப்போவுது?"

வாளியோடு குழியருகே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த முறை கரண்டு காரணமில்லை.

நாலு மணிக்குப் பறவையிடம் போய்ச் சேர்ந்தேன். அதன் முன்னால் ஆட்டத்தைச் சேவ் செய்தேன். வேலை முடிந்தது, பெட்டியை அணைத்துவிட்டுப் பாயில் போய்ச் சுருண்டிருக்கவேண்டும். முடியவில்லை. பறக்கிறவர்மேல் மண் படாது என்று மாமா மகன் மண் மந்திரத்தை ஒதுக்கியே வைத்திருந்தான். நான் அதைப் பறவைமேல் எறியவில்லை, வீரன்மேலேயே பூசினேன். பறவை இடித்தது. மின்னல் வீரனைத் தொடாமல், பூசிய மண் வழியாகவே இறங்கித் தரைக்குப் போயிற்று. வீரனுக்கு ஒன்றுமில்லை. இடித்து இடித்துப் பறவைதான் இளைத்தது. ஏழாவது இடிக்குப் பிறகு அது விழுந்தது.

அப்போதும் நான் பெட்டியை அணைத்திருந்தால் பறவை பழையபடி உயிரோடு நின்றிருக்கும். ஆனால் திரை சேவ் செய்யட்டுமா என்று கேட்டது. அர்த்தம் தெரிந்தே 'உய்' அழுத்தினேன். மாதக்கணக்கில் செத்தவனுக்கு ஒரு வெற்றியைப் பரிசாக வைத்திருக்கிறேன். இதைப் பார்த்தபிறகு பழைய ஆட்டம் எங்கே என்று கேட்கவா போகிறான்?

அவர்கள் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மாமா மகன் தலையில் நல்லெண்ணெய் மணக்க, கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து பெட்டியைப் போட்டான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான்.

"பறவை எங்க போனாங்க?"

"செத்துடுச்சி. நான்தான் கொன்னேன்" என்றேன், மார்பைத் தூக்கிக்கொண்டு. மண்ணின் மகிமையையும் விளக்கினேன். வாளும் கவசமும் எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவேயில்லை. ரிமோட்டை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, "விழும்போது பறவை எப்படி இருந்தாங்க?" என்றான்.

உண்மையில் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கண் வாசல் கேட்டின்மேல் இருந்தது. ஆனாலும் அளந்துவிட்டேன். இறக்கை முதலில் மடங்கியது என்றேன், கத்தியது என்றேன், தீவே அதிர்ந்தது என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மறுநாளும் ஒருமுறை கேட்டான். மீதியிருந்த பத்து நாளும் பெட்டியைத் தொடவில்லை. ஊருக்குப் போகும்போது எனக்கே விட்டுவிட்டுப் போனான்.

பாரிஸ்காரன் தோற்றுச் சரணடைந்துவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவன் என் வீரத்தைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் பார்த்திருக்கவேண்டிய ஒன்றை, என் பொய்களை வைத்துக்கொண்டு, பார்க்க முயன்றுகொண்டிருந்தான்.